வினையூக்க நானோபொருள்களில் பிஎச்.டி: கடலூர், புதுச்சேரி எம்.எஸ்சி. மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரி, லாஸ்பேட்டை காஞ்சி மாமுனிவர் நிலையம், அண்ணாமலைநகர் என்று ஏதோ ஓரிடத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறீர்கள். புராஜெக்ட்டுக்காக ஓர் ஆக்சைடு தூளைச் செய்து, எக்ஸ்.ஆர்.டி (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) எடுத்துப் பார்த்ததில் ஆராய்ச்சி பிடித்துப்போய்விட்டது. மேலே பிஎச்.டி செய்ய ஆசை. ஆனால் எந்தத் தேர்வு எழுதுவது, பணத்துக்கு என்ன வழி, யாரைப் போய்க் கேட்பது என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேதியியல் மாணவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் பொருளைச் செய்வது சுலபமான பாதி. அது வினையூக்கியாக உண்மையிலேயே வேலை செய்கிறதா, எவ்வளவு செய்கிறது, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பிறர் நம்பும்படி அளப்பது கடினமான பாதி. அளக்கத் தெரிந்த லேபில் சேர்ந்தவர்கள் நன்றாக வருகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஊரின் வசதியையும் அதற்கப்புறம் பாருங்கள்.

துறையைப் புரிந்துகொள்வது

வினையூக்கி தான் தீர்ந்துபோகாமல் ஒரு வேதிவினையை வேகப்படுத்தும் பொருள். திட வினையூக்கியில் வேலை நடப்பது மேற்பரப்பில் இருக்கும் அணுக்களில்தான். உள்ளே புதைந்திருப்பவை சும்மா இருக்கின்றன. 55 அணுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த ஓர் உலோகக் கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 42 அணுக்கள் வெளிப்பக்கம் இருக்கும். 13 அணுக் கொத்தில் 12 வெளியே, ஒன்றுதான் உள்ளே. பிளாட்டினம் போல விலை உயர்ந்த உலோகத்தை நானோ அளவுக்குச் சிறிதாக்குவதற்கு இது முதல் காரணம்.

பரப்பு கூடுவதோடு கதை முடிவதில்லை. அளவு குறையும்போது எலக்ட்ரான் நிலைகளே மாறுகின்றன. எதோடும் சேராது என்று பேரெடுத்த தங்கம், சில நானோமீட்டர் துகளாக ஓர் ஆக்சைடின் மேல் உட்காரும்போது, 0 டிகிரி செல்சியசுக்கும் கீழே கார்பன் மோனாக்சைடை எரிக்கிறது. ஜப்பானின் மசடாகே ஹருட்டா குழு இதை 1987-ல் வெளியிட்டது. ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்கும் இடத்தில்தான் இயற்பியல்காரர்களுக்கு வேலை ஆரம்பம். மேற்பரப்பு வேதியியலுக்காக 2007-ல் நோபல் பரிசு பெற்ற கெர்ஹார்ட் எர்ட்ல் கல்லூரியில் படித்தது இயற்பியல். பெற்றது வேதியியல் நோபல். ‘ஃபிசிக்ஸ் படித்தவன் கேட்டலிசிஸ் லேபில் என்ன செய்யப் போகிறான்’ என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

உள்ளே மூன்று கிளைகள் இருக்கின்றன. மின்வினையூக்கத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது, எரிபொருள் மின்கலம், கார்பன் டை ஆக்சைடை வேறு பொருளாக மாற்றுவது ஆகியவை அடங்கும். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டன்ஷியோஸ்டாட் ஒன்று இருந்தால் வேலை தொடங்கிவிடும் என்பதால் நம் பக்கத்தில் அதிக லேப்கள் இதில்தான் இருக்கின்றன. ஒளிவினையூக்கம் டைட்டானியம் டை ஆக்சைடை வைத்து ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் செய்த பரிசோதனையின் வழி வந்தது. பேண்ட் கேப், மின்னேற்றப் பிரிப்பு என்று இயற்பியல் மாணவருக்குப் பழகிய பாடம் இங்கே நிறைய உண்டு. மூன்றாவது வெப்ப வினையூக்கம். உலைக்குழாய், வாயு இணைப்புகள், கேஸ் குரோமடோகிராஃப் என்று செலவு பிடிக்கும். தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஓடுவது இதில்தான். வசதியுள்ள இடம் கிடைத்தால் இதைத் தவறவிடாதீர்கள், நம் ஊர்ப் பக்கம் இதில் ஆட்கள் குறைவு.

தகுதியும் சான்றிதழும்

யுஜிசி-யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்.டி ஒழுங்குமுறைதான் இப்போது அடிப்படை. முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி, எஸ்.டி, கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி, மாற்றுத்திறனாளி, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. நான்கு வருட இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். எம்.ஃபில் கிடையாது. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். பெண்களுக்கு மேலும் 2 வருடம் கிடைக்கும். பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மொத்தம் 240 நாள் வரை எடுக்கலாம். கல்யாணப் பேச்சு வந்துவிட்டதால் ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லும் வீடுகளில் இந்த இரண்டு விதிகளையும் எடுத்துக் காட்டுங்கள்.

அடுத்தது சான்றிதழ். தமிழ்நாட்டில் நம் கையில் இருப்பது பி.சி அல்லது எம்.பி.சி என்று போட்ட சாதிச் சான்றிதழ். புதுச்சேரி பல்கலைக்கழகம், என்.ஐ.டி, ஐ.ஐ.டி போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் அது செல்லாது. அங்கே கேட்பது மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிட்டு, நடப்பு நிதியாண்டில் வாங்கிய ஓ.பி.சி சான்றிதழ். அது இல்லையென்றால் உங்களைப் பொதுப்பிரிவில் வைத்துவிடுவார்கள். 27 சதவீத இட ஒதுக்கீடும் மதிப்பெண் தளர்வும் ஒன்றாகக் கைவிட்டுப் போகும். ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்துவிடுங்கள். உங்கள் சாதி மத்திய அரசின் பட்டியலிலும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்காரர்கள் தங்கள் வருவாய்த் துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

தேர்வுகள்: எதை, எப்போது

சி.எஸ்.ஐ.ஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமம்), யுஜிசி இரண்டும் சேர்ந்து நடத்தும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுதான் இந்தத் துறைக்கு முதல் கதவு. ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு அறிவிப்புகள். கடைசி வருடத்தில் படிக்கும்போதே எழுதலாம். மொத்தம் 200 மதிப்பெண், 3 மணி நேரம். இயற்பியல் தாளில் பொது அறிவுத்திறன் பகுதிக்கு 30, அடுத்த பகுதிக்கு 70, கடைசிப் பகுதிக்கு 100. கடைசிப் பகுதியில் ஒரு கேள்விக்கு 5 மதிப்பெண். 30 கேள்வியில் 20-க்கு விடை எழுதினால் போதும். தப்பானால் கால்பங்கு கழியும். நம் கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகப் படித்துவிட்டு, எதிலும் முழுக் கணக்கு போட வராமல் நிற்பார்கள். குவாண்டம் இயக்கவியல், மின்காந்தவியல், புள்ளியியல் இயற்பியல், கணித முறைகள் ஆகிய நான்கையும் ஆழமாகப் பிடியுங்கள். திட நிலை இயற்பியல் உங்கள் ஆராய்ச்சிக்கே தேவை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப் (மாத உதவித்தொகையோடு இளநிலை ஆய்வாளர்), உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி சேர்க்கை, பிஎச்.டி சேர்க்கை மட்டும். பின்னிரண்டு வகைக்கும் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 சதவீதம் எடை. அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் முடிவு வந்ததும் விண்ணப்பங்களைத் தொடங்கிவிடுங்கள். ஜே.ஆர்.எஃப் கிடைக்கவில்லை, எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட வேண்டாம். சேர்க்கைக்கான கதவு திறந்தே இருக்கிறது.

கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் பிற்பாதியிலேயே முடிந்துவிடும். மதிப்பெண் 3 வருடம் செல்லும். ஐ.ஐ.டி-களுக்கு மிகவும் பயன்படும். ஜெஸ்ட் இயற்பியலுக்கான தனி நுழைவுத் தேர்வு. பல ஆராய்ச்சி நிறுவனங்கள் அதை வைத்து நேர்காணலுக்கு அழைக்கின்றன. மூன்றாவது செமஸ்டரில் தயாராகத் தொடங்கினால் மூன்றையும் ஒரே படிப்பில் எழுதிவிடலாம்.

பணம்

ஜே.ஆர்.எஃப் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் எஸ்.ஆர்.எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆகும்போது 42,000. விடுதி இல்லாதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. இந்தத் தொகைகள் 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கின்றன. வயது வரம்பு பொதுப்பிரிவுக்கு 30; பெண்கள், எஸ்.சி, எஸ்.டி, ஓ.பி.சி பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

பல்கலைக்கழகத்தில் முதல் ரேங்க் எடுத்தவர்கள் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஃபெல்லோஷிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதலிடம் வாங்கிவிட்டு, இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பள்ளிக்கூட வேலைக்குப் போனவர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை. எஸ்.சி, ஓ.பி.சி மாணவர்களுக்கு நெட் மதிப்பெண்ணை வைத்துத் தரும் தேசிய ஃபெல்லோஷிப்கள் தனியாக உண்டு; எஸ்.டி மாணவர்களுக்கானதை முதுநிலை மதிப்பெண்ணை வைத்துத் தருகிறார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் முழுநேரமாகச் சேர்ந்தால் மாநில அரசின் நலத்துறை ஊக்கத்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். கடலூர்காரருக்கும் புதுச்சேரிக்காரருக்கும் இடையில் ஒரு பாலம்தான் தூரம் என்றாலும் மாநிலத் திட்டங்கள் வேறு வேறு. யார் எந்த அரசின் குடியிருப்புச் சான்று வைத்திருக்கிறாரோ அதன்படிதான் கிடைக்கும்.

இது எதுவுமே இல்லாமல் மத்திய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் யுஜிசி-யின் நான்-நெட் உதவித்தொகை, மாதம் 8,000 ரூபாய். பல வருடமாக அதே தொகை. மெஸ் பில் கட்டி, ஊருக்குப் போய்வர பஸ்ஸுக்குக் கொடுத்தால் தீர்ந்துவிடும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புராஜெக்ட் ஜே.ஆர்.எஃப் வழி. பேராசிரியர்கள் அரசு நிதியில் வாங்கும் திட்டங்களில் ஓர் ஆளை எடுப்பார்கள். அப்படி நிதி தரும் மத்திய அமைப்பாக முன்பு செர்ப் என்று இருந்ததன் இடத்தில் இப்போது ஏ.என்.ஆர்.எஃப் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்து, அதே வேலையைப் பிஎச்.டி-யாகப் பதிவு செய்யலாம். ஆனால் திட்டம் எப்போது முடிகிறது என்று முதல் நாளே கேளுங்கள். மூன்று வருடத் திட்டத்தில் இரண்டாம் வருடக் கடைசியில் சேர்ந்தால், பாதி வழியில் சம்பளம் நின்றுவிடும்.

பகுதிநேரப் பிஎச்.டி பற்றிப் பலர் கேட்கிறார்கள். விதிப்படி முடியும், வேலை செய்யும் இடத்தில் தடையில்லாச் சான்று வேண்டும். ஆனால் இது பரிசோதனைத் துறை. சனி ஞாயிறு மட்டும் லேபுக்கு வந்து ஒரு மின்முனையின் 100 மணி நேர நிலைத்தன்மையை அளக்க முடியாது.

எங்கே விண்ணப்பிப்பது

பக்கத்திலிருந்து தொடங்குவோம். காலாப்பட்டில் 1985-ல் தொடங்கிய புதுச்சேரி பல்கலைக்கழகம் இந்தப் பகுதியின் பெரிய வாய்ப்பு. இயற்பியல், வேதியியல் துறைகளோடு, மதன்ஜீத் பசுமை ஆற்றல் தொழில்நுட்பப் பள்ளியும் நானோ அறிவியல் மையமும் இருக்கின்றன. பொது உபகரண மையமும் உள்ளேயே இருப்பது பெரிய வசதி. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வேதியியலும் பழைய, வேரூன்றிய துறைகள். பிள்ளைச்சாவடியில் இருந்த பொறியியல் கல்லூரி இப்போது புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். என்.ஐ.டி புதுச்சேரி இருப்பது காரைக்காலில். பெயரைப் பார்த்து நகருக்குள் தேடாதீர்கள்.

கொஞ்சம் தள்ளினால் காரைக்குடியில் சிக்ரி. மின்வேதியியலுக்கென்றே நாட்டில் இருக்கும் சி.எஸ்.ஐ.ஆர் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-ல் அடிக்கல் நட்டு, 1953-ல் திறந்தார்கள். மின்வினையூக்கத்தில் ஆசை என்றால் உங்கள் பட்டியலில் இது மேலே இருக்க வேண்டும். அங்கே பட்டம் தருவது சி.எஸ்.ஐ.ஆர் ஆய்வகங்களுக்கான அகாடமியான ஏ.சி.எஸ்.ஐ.ஆர், ஜனவரி, ஆகஸ்ட் என்று இரண்டு சேர்க்கைகள். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஈ.சி.ஆர் சாலையிலேயே இருக்கிறது. அங்கே பட்டம் ஹோமி பாபா தேசிய நிறுவனம் வழியாக. இயற்பியல் மாணவருக்குப் பொருளறிவியலில் நல்ல இடம். ஐ.ஐ.டி மெட்ராஸில் வினையூக்க ஆராய்ச்சிக்கான தேசிய மையம் 2006-லிருந்து இயங்குகிறது. வெளி மாநிலத்தில் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி, ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையம், புனே என்.சி.எல், டேராடூன் பெட்ரோலிய நிறுவனம், மொஹாலி நானோ அறிவியல் நிறுவனம் ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளில் பிஎச்.டி பெரும்பாலும் ஒரு வேலை. பணி நியமனம் போல விளம்பரம் வரும், சம்பளம் வரும், கட்டணம் கட்டி யாரும் சேர்வதில்லை. ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைகளைப் பட்டியலிடும் யூராக்ஸஸ் தளத்தில் வினையூக்கம் என்று தேடினால் பட்டியல் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்ட இடங்களுக்கு ஒரு நிபந்தனை: கடந்த 36 மாதத்தில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இங்கிருந்து நேராகப் போகிறவருக்கு இது சாதகமே. எர்ட்ல் பணியாற்றிய பெர்லின் ஃப்ரிட்ஸ் ஹேபர் நிறுவனம் இந்தத் துறையின் முக்கியமான இடங்களில் ஒன்று. பிரான்சில் முனைவர் ஒப்பந்தம் 3 வருடம். லியோன் வினையூக்கத்துக்குப் பேர்போன ஊர். புதுச்சேரியில் இருப்பவர்கள் அலியான்ஸ் பிரான்சேஸில் அடிப்படைப் பிரெஞ்சு படித்துவைத்தால் அங்கே வாழ்க்கை சுலபமாகும். இந்தியாவில் பதிவு செய்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு: ராமன்-சார்பாக் ஃபெல்லோஷிப் மூலம் 2 முதல் 6 மாதம் பிரெஞ்சு ஆய்வகத்தில் வேலை செய்துவரலாம்.

லேபை எடைபோடுவது

இதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள்.

நெறியாளராக வரக்கூடியவரின் பழைய மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளைச் சோத்கங்கா தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். இரண்டு ஆய்வேட்டை எடுத்து, முன்னுரையை விட்டுவிட்டு, பரிசோதனை முறை அத்தியாயத்தைத் திறங்கள். என்ன உபகரணம் அவர்களுடையது, என்ன வெளியே அனுப்பி எடுத்தது என்று அதில் தெரிந்துவிடும். வெளியே அனுப்புவது குற்றமில்லை. கொச்சியில் இருக்கும் எஸ்.டி.ஐ.சி என்ற சோதனை மையத்துக்கும் ஐ.ஐ.டி உபகரண மையத்துக்கும் நம் மாணவர்கள் காலங்காலமாக சாம்பிள் அனுப்புகிறார்கள். ஐ-ஸ்டெம் தளத்தில் நாட்டின் உபகரணங்களை முன்பதிவு செய்யவும் முடிகிறது. ஆனால் வினையூக்கத் திறனை அளக்கும் கருவி மட்டும் லேபுக்குள்ளேயே இருக்க வேண்டும். மேற்பரப்பு அணுக்களின் வேதிநிலையைக் காட்டும் எக்ஸ்.பி.எஸ்-ஐ ஒருமுறை எடுத்தால் போதும். திறனை நூறு முறை அளக்க வேண்டியிருக்கும்.

அடுத்து அந்த லேபின் பேப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள். மின்வினையூக்கம் என்றால் இப்படி: ஆக்சிஜன் வெளியேற்றத்துக்கு ஒரு பொருளைச் சோதித்திருக்கிறார்கள். 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், ஒப்பீட்டுக்கு வைத்த வெள்ளி குளோரைடு மின்முனைக்கு எதிராக 0.5 வோல்ட்டில் தேவையான மின்னோட்டம் வந்தது. அதை ஹைட்ரஜன் அளவுகோலுக்கு மாற்ற 0.197-ஐயும், 0.059-ஐ பி.எச்-ஆல் பெருக்கியதையும் கூட்ட வேண்டும். பி.எச் 14 என்று வைத்தால் 1.523 வோல்ட். 1.23-ஐக் கழித்தால் மிகைமின்னழுத்தம் (வினைக்குக் கோட்பாட்டளவில் வேண்டியதைவிடக் கூடுதலாகக் கொடுத்த மின்னழுத்தம்) 293 மில்லிவோல்ட். அதே கரைசலின் பி.எச் 13.7 என்று வைத்தால் 275 மில்லிவோல்ட். பி.எச்-ஐ அளக்காமல் கையில் வந்த எண்ணைப் போட்டதாலேயே 18 மில்லிவோல்ட் நகர்ந்துவிட்டது. ‘முந்தைய வேலையைவிட 15 மில்லிவோல்ட் மேம்பட்டது’ என்று பேப்பரில் எழுதியிருந்தால், அந்த மேம்பாடு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். தவிர, வலுவான காரத்தில் வெள்ளி குளோரைடு மின்முனை நாளடைவில் கெடும். பாதரச ஆக்சைடு மின்முனைதான் அங்கே பொருத்தம். எதைப் பயன்படுத்தினார்கள் என்பதே அந்த லேபின் கவனத்தைச் சொல்லிவிடும்.

இன்னும் சில அடையாளங்கள். ஹைட்ரஜன் வெளியேற்றத்தை அளக்கும்போது துணை மின்முனையாக (கவுண்டர் எலக்ட்ரோடு) பிளாட்டினம் கம்பி வைத்தால், அது கரைந்து உங்கள் மின்முனையில் படிந்து, உங்கள் பொருள் பிரமாதம் என்று காட்டும். அதனால் கிராஃபைட் தண்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இருக்கும் சொற்ப இரும்பு, நிக்கல் மின்முனையின் ஆக்சிஜன் வினையை வெகுவாக உயர்த்தும். இரும்பை நீக்கிச் சோதித்தார்களா? பொருளைத் தாங்கும் வெறும் நிக்கல் ஃபோமின் அளவீட்டைப் பக்கத்தில் போட்டிருக்கிறார்களா?

ஒளிவினையூக்கத்தில் பெரிய பொறி மெத்திலீன் புளூ. அந்தச் சாயமே 664 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை உறிஞ்சும். அதைக் கரைத்துவைத்து, கண்ணுறு ஒளியைக் காட்டி, நிறம் வெளுத்தது, ஆகவே என் பொருள் வேலை செய்கிறது என்றால் எப்படி? சாயம் தானாகச் சிதைந்திருக்கலாம், தூளின் மேல் ஒட்டியிருக்கலாம். இருட்டில் வைத்த சோதனை, வினையூக்கி போடாத சோதனை, நிறமில்லாத வேறொரு மூலக்கூறில் செய்த சோதனை மூன்றும் இருந்தால் அந்த லேபை நம்பலாம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக் கழிவுநீருக்குத் தீர்வு என்று முன்னுரையில் எழுதுகிறார்கள்; குடிகாடு பக்கத்துத் தண்ணீரை ஒருமுறையாவது எடுத்துச் சோதித்தார்களா என்றும் பாருங்கள். அந்தத் தண்ணீரோடு வாழ்கிற மக்கள் இருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் உட்கார்ந்து இந்த ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அந்தப் பொறுப்பு கூடுதலாகவே இருக்கிறது.

காகிதத்தில் தெரியாததை ஆட்களிடம் கேளுங்கள். லேபில் இருக்கும் சீனியர் ஸ்காலரைக் கேன்டீனில் பிடித்துப் பேசுங்கள். அக்கா, அண்ணா என்று கூப்பிட்டுக் கேட்டால் யாரும் மறைக்கமாட்டார்கள். எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், கெமிக்கல் வாங்க எவ்வளவு நாளாகிறது, சார் வாரத்தில் ஒருநாளாவது டேட்டாவைப் பார்க்கிறாரா, பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா? கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கமும் ஒரு பதில்தான். நெறியாளரின் ஓய்வு வயதையும் கவனியுங்கள். ஓய்வுக்கு 3 வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்க விதி இடம் தராது. பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வழிநடத்தலாம் என்பதால் இடம் காலியா என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

மெயில் எழுதுவது

பேராசிரியர்களுக்குத் தினமும் வரும் மெயில்கள் பெரும்பாலும் ஒரே அச்சு: மதிப்புக்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர விரும்புகிறேன், விவரம் இணைத்துள்ளேன். யாருக்கும் அனுப்பலாம் என்பதாலேயே யாரும் பதில் போடுவதில்லை. நான்கு பத்தி போதும். நீங்கள் யார், எந்தத் தேர்வில் என்ன மதிப்பெண். எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் என்ன செய்தீர்கள், எந்தக் கருவியை உங்கள் கையால் இயக்கினீர்கள். அவருடைய எந்தப் பேப்பரைப் படித்தீர்கள், அதில் என்ன சந்தேகம் வந்தது. எப்போது சேர முடியும்.

மூன்றாவது பத்திதான் உயிர். ‘உங்கள் கோபால்ட் ஆக்சைடு வேலையில் 50 மணி நேரத்துக்குப் பிறகு எக்ஸ்.ஆர்.டி எடுத்திருக்கிறீர்கள், மேற்பரப்பு ஆக்சிஹைட்ராக்சைடாக மாறியிருந்தால் எக்ஸ்.ஆர்.டி-யில் தெரியாதே, ராமன் நிறமாலை எடுத்தீர்களா?’ இப்படி ஒரு வரி எழுதியவரை மறக்கமாட்டார்கள். ஒரே மெயிலைப் பத்துப் பேருக்குச் சேர்த்து அனுப்பாதீர்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள்.

நேர்காணல்

தெரியாததைக் கேட்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். அவர்கள் கேட்பது உங்கள் புராஜெக்ட்டைத்தான். பெரும்பாலும் இப்படிப் போகும்:

“எக்ஸ்.ஆர்.டி எடுத்தீங்களே, துகள் அளவு என்ன வந்தது?”

“22 நானோமீட்டர் சார்.”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“ஷெரர் சமன்பாடு சார்.”

“அது துகள் அளவா, படிக அளவா? கருவியோட அகலத்தைக் கழிச்சீங்களா?”

இந்த இடத்தில் பலர் உறைந்துபோகிறார்கள். ஷெரர் தருவது படிகத்தின் அளவு. ஒரு துகளில் பல படிகங்கள் ஒட்டியிருக்கலாம். கருவியே தரும் அகலத்தையும், படிகத்தின் உள் திரிபால் (ஸ்ட்ரெயின்) வரும் அகலத்தையும் பிரிக்காவிட்டால் எண் தப்பாகும். இதைத் தெரியாது என்று சொன்னால்கூடப் பாதகமில்லை, ‘கழிக்கவில்லை மேடம், கழித்தால் இன்னும் பெரிய அளவு வந்திருக்கும்’ என்று யோசித்துச் சொன்னால் அதுவே பெரிய மதிப்பெண். தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், பலகையில் படம் போட்டுக் காட்டுங்கள். நல்ல குழு இயற்பியலைத்தான் பார்க்கும்.

சேர்ந்த பிறகு முதல் வருடம்

குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் வொர்க் இருக்கும். ஆராய்ச்சி நெறிமுறைப் பாடமும் அதில் அடங்கும். ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன்பு செமஸ்டருக்கு ஒருமுறை வேலையைக் காட்ட வேண்டும். பேப்பர் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-ல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்கள் பக்கம் போகவே வேண்டாம். படிப்பதற்கு 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வழியாக அரசு நிறுவனங்களில் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. தனியார் கல்லூரியில் ஆராய்ச்சி மையம் என்றால் இந்த வசதி உண்டா என்று சேரும் முன் விசாரியுங்கள்.

பாதுகாப்பை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், நீங்களாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஹைட்ரோதெர்மல் ஆட்டோகிளேவில் டெஃப்லான் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், மேலே காலியிடம் விட வேண்டும். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. இரவில் 180 டிகிரியில் அடுப்பை ஓடவிட்டுப் போகிறவர்கள், உள்ளே என்ன இருக்கிறது, யாருடைய எண் என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். போரோஹைட்ரைடும் தண்ணீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும், மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள்.

காலாப்பட்டிலும் கடலூரிலும் கடல் காற்றுக்கென்று தனிக் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறினால் குளோரைடு உப்புகள் பாட்டிலுக்குள்ளேயே நீர்விடும். அதை எடை போட்டுக் கரைசல் தயாரித்தால் செறிவு தப்பு. உலர்த்தியில் வையுங்கள், திறந்த தேதியை எழுதுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட் ஆகும், அதனால் அவ்வப்போது புதிதாகச் செய்யுங்கள். புயல் நேரத்தில் கரண்ட் போனால் நீண்ட அளவீடு பாதியில் நிற்கும். யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பொருள் எதையும் செய்யத் தொடங்கும் முன், உலகம் முழுக்க எல்லோரும் அளந்த ஒன்றை நீங்களும் அளங்கள். மின்வினையூக்கம் என்றால் கார்பன் மேல் 20 சதவீதப் பிளாட்டினம், ஒளிவினையூக்கம் என்றால் பி25 டைட்டானியம் டை ஆக்சைடு. மூன்று தனித்தனி மின்முனையில், மூன்று வேறு நாளில் அளந்து, வெளியான எண்களோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் செல், மின்முனை, இணைப்பு என்று எங்கோ பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு உங்கள் சொந்தப் பொருளுக்கு முதல் கெமிக்கலை ஆர்டர் போடுங்கள்.